தோபா ஏரித் தீவும் நம் முன்னோரும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்தத் தடவை எங்கே போகிறோம்?" என்பதுதான். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ஒரு காலத்தில் விடுமுறை என்றால் பக்கத்துத் தோட்டத்துத் திருவிழா. அதையும் விட்டால் மாமன் வீடு. இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. தெப்ராவில் ஆசிரியர் தொழில் பார்க்கும் நாங்கள், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, பிள்ளைகள் இருவரோடும் அறுபத்தெட்டு வயதாகும் அம்மாவோடும் ஒரு விடுமுறையில் கடல் கடந்து போய் வந்தோம். போன இடம் அண்டை நாடான இந்தோனேசியாவின் சுமத்திராத் தீவு. அத்தீவின் நடுவே தோபா என்னும் பெரிய ஏரி. அந்த ஏரியின் நடுவே சமோசிர் என்னும் தீவு. தீவுக்குள் ஏரி, ஏரிக்குள் தீவு! அதோடும் முடியவில்லை. அந்தச் சமோசிர் தீவின் மேல் சிதிஹோனி என்று இன்னொரு சிறிய ஏரி. எங்கள் இளைய மகன் இதைக் கேட்டதும், "அந்த ஏரிக்குள்ளே தீவு இருக்கா?" என்று கேட்டுவிட்டான்.

வேடிக்கை பார்க்கத்தான் போனோம். ஆனால் அங்கே ஒருவர் கேட்ட ஒரு சிறு கேள்வி, நம்மவர்களின் வரலாற்றையே நினைத்துப் பார்க்க வைத்துவிட்டது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் அந்த ஏரியைப் பற்றிச் சில செய்திகள். கோலாலம்பூரிலிருந்து மேடான் நகருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். மேடானிலிருந்து பாராபாட் என்னும் ஏரிக்கரை ஊருக்குச் சாலை வழியே ஏறத்தாழ 170 கிலோமீட்டர். வழி நெடுகிலும் ரப்பரும் செம்பனையும். "நம்ம தோட்டத்துக்கே திரும்பி வந்துட்ட மாதிரி இருக்கே" என்றார் அம்மா. அதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

பாராபாட்டிலிருந்து படகேறினால் ஒரு மணி நேரத்திற்குள் தீவு. ஏரியின் நீளம் சுமார் 100 கிலோமீட்டர், அகலம் 30 கிலோமீட்டர், ஆழம் 500 மீட்டருக்கு மேல். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று குளுகுளுவென்றிருக்கும். சமோசிர் தீவோ சிங்கப்பூரைவிடச் சற்றே சிறியது. நம் ஊரிலிருந்து ஜொகூர் நீரிணையைத் தாண்டிச் சிங்கப்பூரைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அவ்வளவு பெரிய நிலம் ஓர் ஏரிக்குள் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த ஏரி உண்டானது எப்படி? சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் எரிமலை வெடித்தது. மனித இனம் தோன்றிய பின் நிகழ்ந்த எரிமலை வெடிப்புகளில் மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்று. பூமியின் வயிற்றிலிருந்த நெருப்புக் குழம்பு வெளியே கொட்டியதும் மேல்தளம் உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கி ஏரியாயிற்று. பின்னர் அடியிலிருந்து மறுபடியும் குழம்பு உந்தவே, ஏரியின் தரை மேலே எழும்பிச் சமோசிர் ஆயிற்று. சமோசிரின் மண்ணில் ஏரிப் படிவுகள் இன்றும் காணக் கிடைக்கின்றன.

அந்த வெடிப்பின் சாம்பல் எங்கெல்லாம் போய் விழுந்தது தெரியுமா? நமது பேரா மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில் கோத்தா தம்பான் என்ற இடத்தில், ஆதிமனிதர்கள் கல்லாயுதம் செய்த பட்டறை அந்தச் சாம்பலோடு சேர்ந்து கிடைத்திருக்கிறது. அப்பள்ளத்தாக்கை 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. வங்கக் கடலுக்கு அப்பால், ஆந்திர நாட்டின் நந்தியால் மாவட்டத்து ஜுவாலாபுரத்திலும் அதே சாம்பல் படிந்திருக்கிறது. ஆக, நாம் வாழும் நாடும், நம் முன்னோர் விட்டு வந்த நாடும், இடையிலுள்ள சுமத்திராவும் மனிதர் கப்பல் கட்டுமுன்பே ஒரே சாம்பலால் மூடப்பட்டிருந்தன.

இன்னொரு செய்தி. சமோசிர் முழுத் தீவாக இருக்கவில்லை. மேற்கே பாங்குருரான் என்னும் இடத்தில் ஒரு குறுகிய நிலம் அதைச் சுமத்திராவோடு இணைத்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர் அந்த நிலத்தை வெட்டிக் கால்வாய் ஆக்கினர். வெட்டியவர்கள் யார்? கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்ட ஊர் மக்கள். இதைக் கேட்டதும் அம்மா, "மம்பட்டி பிடிச்சவன் பேரு எங்கேயும் எழுதியிருக்காதே" என்று சொன்னார். மரம் சீவிப் பழகிய கைகளுக்கு அந்தச் செய்தி சட்டென்று விளங்கிவிட்டது.

நேயர்களே, இனி அந்தக் கேள்விக்கு வருவோம்.

சமோசிரில் வாழ்பவர்கள் பாத்தாக் இனத்தவர். நாங்கள் தங்கிய விடுதியில் சமையல் வேலை பார்த்த அம்மையார், முதல் நாள் மாலையே எங்கள் பெயரைக் கேட்டார். சொன்னோம். மலாய் மொழி தெரிந்திருந்ததால் பேச்சில் சிரமம் இல்லை. அடுத்து அவர் கேட்டார்: "உங்கள் மார்கா என்ன?"

மார்கா என்றால் குலப்பெயர். தந்தை வழியாகப் பிள்ளைகளுக்கு வருவது. பாத்தாக் மக்கள் இருவர் புதிதாகச் சந்தித்தால் முதலில் மார்காவைக் கேட்பார்கள். கேட்டதும், தாம் எந்த மூதாதையிடமிருந்து எத்தனையாவது தலைமுறை என்று கணக்கிட்டு, எதிரே நிற்பவர் தமக்கு அண்ணன் முறையா, மாமன் முறையா என்று தீர்மானித்துக்கொள்வார்கள். இந்த வம்சாவளிக்குத் தாரொம்போ என்று பெயர். அந்த அம்மையார் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். ஆனால் தம் முன்னோர் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக விரல்விட்டுச் சொன்னார். பன்னிரண்டு வரை எண்ணிய எங்கள் மகள் பிறகு விட்டுவிட்டாள். ஒரே மார்காவுக்குள் திருமணம் கிடையாது என்றும், தாய்மாமன் மகளைக் கட்டுவது அவர்களிடம் விரும்பத்தக்க உறவு என்றும், தாய்மாமன் வீட்டாருக்குச் சபையில் தனி மரியாதை உண்டென்றும் அவர் சொல்லச் சொல்ல, அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம ஆளுங்க மாதிரியே இருக்காங்களே!" என்றார்.

இப்போது எங்கள் முறை. அப்பா பெயரைச் சொன்னோம். தாத்தா பெயரைச் சொன்னோம். தாத்தாவின் தந்தை? தெரியவில்லை. எந்த ஊர்? "திருச்சிப் பக்கம்." எந்தக் கப்பல்? எந்த ஆண்டு? தெரியவில்லை. மூன்றாவது படியிலேயே ஏணி முடிந்துவிட்டது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உலக வரலாறெல்லாம் படித்து வந்த எங்களுக்கு அன்று வெட்கமாக இருந்தது.

அப்போது அம்மா மெல்லச் சொன்னார்: "எங்க பாட்டியோட அப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாராம். ரெண்டு பேரும் பினாங்கிலே ஒண்ணா இறங்கினாங்களாம். தம்பி இங்கே தோட்டத்துக்கு வந்துட்டாரு. அண்ணன் டில்லிக்குப் போனாராம். திரும்பி வரவே இல்லேன்னு பாட்டி சொல்லிச் சொல்லி அழும்."

இந்தக் கதையை நாங்கள் சிறு வயதிலேயே கேட்டதுண்டு. பினாங்கில் இறங்கியவர் ஏன் மறுபடி இந்தியாவின் தலைநகரத்துக்குப் போனார் என்று எண்ணி, பாட்டி ஏதோ குழப்பிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டோம். அன்றிரவு ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் பொறி தட்டியது. மேடான் நகரைச் சுற்றியுள்ள நாட்டுக்கு என்ன பெயர்? டெலி! பினாங்கிலிருந்து கடலைக் கடந்தால் நேர் எதிரே இருப்பது டெலி. பாட்டி குழப்பவில்லை, நாம்தான் பாட்டியை நம்பவில்லை.

டெலியின் வரலாறு இதுதான். 1863ஆம் ஆண்டில் நியென்ஹுய்ஸ் என்ற டச்சுக்காரர் அங்கே வந்து புகையிலை பயிரிடத் தொடங்கினார். டெலிப் புகையிலைக்கு ஐரோப்பாவில் நல்ல விலை. காட்டை அழிக்க ஆள் வேண்டும். முதலில் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சீனரைக் கொண்டு வந்தனர். பின்னர் ஜாவாவிலிருந்து ஏராளமானோரைக் கொண்டு வந்தனர். இவ்விரு கூட்டத்தாரோடு, தொகையில் சிறியவர்களாகத் தமிழர்களும் இருந்தனர். சாலை போடுவதும், வடிகால் வெட்டுவதும், மாட்டுவண்டி ஓட்டுவதும் அவர்கள் வேலை. 1880ஆம் ஆண்டுக் கூலிச் சட்டப்படி, ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடியவருக்குச் சிறை. வேலையை மறுத்தாலும் தண்டனை. அங்கு நடந்த கொடுமைகளை வான் டென் பிராண்ட் என்ற டச்சு வழக்கறிஞர் 1902இல் ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட, ஒல்லாந்து நாடே அதிர்ந்தது. அரசு விசாரணை நடத்தியது. ஆயினும் அந்தத் தண்டனைச் சட்டத்தை ஒழிக்கும் முடிவு வர 1930களாயிற்று.

புகையிலைக்குப் பின் ரப்பர் வந்தது. 1911இல் அங்கே செம்பனைத் தோட்டங்களும் எழுந்தன. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நட்ட நான்கே நான்கு செம்பனைக் கன்றுகளின் வழிவந்த மரங்கள் டெலியில் பெருகின. அந்த டெலி வித்தே பின்னர் மலாயாத் தோட்டங்களுக்கும் வந்தது. நாம் குலை வெட்டும் மரங்களுக்குத் தாய்வழி டெலியிலிருந்து வந்ததே. மரத்தின் வம்சாவளியை ஆராய்ச்சிக்காரர்கள் நான்கு கன்றுகள் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மரத்துக்கு உரம் போட்ட மனிதனின் வம்சாவளியை எழுதியவர் யார்?

தமிழர்கள் சுமத்திராவுக்குக் கூலிகளாகத்தான் முதன்முதலில் போனார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஏரிக்கு மேற்கே, இந்துமாக் கடலோரத்தில் பாரூஸ் என்ற பழைய துறைமுகம் உண்டு. அதன் அருகே லோபு துவா என்ற இடத்தில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கிறிஸ்து ஆண்டு 1088இல் பொறிக்கப்பட்டது. சோழ நாட்டில் முதலாம் குலோத்துங்கன் ஆண்ட காலம். 1932இல் வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அதை ஆராய்ந்து எழுதினார். பிற்காலத்தில் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு திருத்தமான வாசகத்தை வெளியிட்டார். கல்வெட்டில் பேசுவோர், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழுவினர். அங்கு வரும் கப்பல்காரர் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னில் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அவர்கள் செய்த ஏற்பாடு. அக்கல் இன்று ஜக்கார்த்தா அருங்காட்சியகத்தில் உள்ளது.

பாரூஸில் அவர்களுக்கு என்ன வேலை? கற்பூரம். சுமத்திராக் காட்டு மரத்தின் உள்ளே விளையும் அந்தக் கற்பூரத்தை மலாய் மக்கள் இன்றும் காப்பூர் பாரூஸ் என்கிறார்கள். அதே இனத்து மரம் நம் ஜொகூர்க் காடுகளிலும் உண்டு. கற்பூரம் எடுக்கப் போகும்போது வழக்கமான சொற்களைப் பேசாமல், தனியொரு மொழியில் பேசுவது ஜொகூர்ப் பூர்வகுடி மக்களின் மரபாக இருந்தது. இன்று நாம் கடையில் வாங்கும் கட்டிக் கற்பூரம் மரத்தில் விளைந்ததன்று. பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து ஆலையில் செய்யப்படுவது.

பாரூஸ் வணிகர்கள் என்ன ஆனார்கள்? 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோபு துவா கைவிடப்பட்டுவிட்டது என்று அகழ்வாய்வு சொல்கிறது. ஆனால் ஏரிக்கு வடக்கே மலைநாட்டில் வாழும் காரோ பாத்தாக் மக்களிடையே செம்பிரிங் என்றொரு மார்கா இருக்கிறது. அதன் உட்பிரிவுகளின் பெயர்களைக் கேளுங்கள்: சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி, பிராமானா. சோழர், பாண்டியர், மலையாளர், பல்லவர் ஆகிய பெயர்களின் எதிரொலி இது என்றும், தென்னிந்தியர் அந்த மக்களோடு கலந்ததன் அடையாளம் என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பாத்தாக் மக்கள் மரப்பட்டை நூல்களில் எழுதி வந்த எழுத்தும் பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்தின் வழிவந்ததே. அவர்களது பழைய நாட்கணக்கில் கிழமைகளின் பெயர்கள் ஆர்த்தியா, சூமா, அங்காரா, மூடா, போராஸ்பதி, சிங்கோரா, சாமிசாரா. ஆதித்தன், சோமன், அங்காரகன், புதன், பிரகஸ்பதி, சுக்கிரன், சனீச்சரன் என்று நாமே பொருள் கண்டுகொள்ளலாம். டச்சுக்காரரை எதிர்த்து முப்பது ஆண்டுகள் போராடி 1907இல் உயிர்விட்ட அவர்களது கடைசி மன்னரின் பட்டப் பெயர் சிசிங்கமங்கராஜா. அதிலும் சிங்கமும் மகாராஜாவும் ஒளிந்திருக்கக் காணலாம்.

இதைக் கொண்டு பாத்தாக் மக்களெல்லாம் தமிழர்கள் என்று பெருமை பேசினால் அது வரலாறு ஆகாது. அவர்கள் தனி இனம், தனி மொழி. தாய்மாமன் உறவு இருவரிடமும் இருப்பதும் உலகில் வேறு பல மக்களிடம் இருப்பதுதான். நாம் பார்க்க வேண்டியது வேறு. சோலியா என்றும் பாண்டியா என்றும் பெயர் தாங்கியவர்களுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. பெயர் பிழைத்தது; மொழி பிழைக்கவில்லை.

திரும்பும் வழியில் மேடானில் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1884ஆம் ஆண்டில் எழுந்த கோயில் அது. சுற்றியுள்ள பகுதிக்கு முன்பு கம்போங் கெலிங் என்று பெயர். இப்போது கம்போங் மெட்ராஸ் என்கிறார்கள். சாமி அதே சாமி, திருநீறு அதே திருநீறு. ஆனால் கோயிலில் பார்த்த இளைஞர்கள் தங்களுக்குள் இந்தோனேசிய மொழியில்தான் பேசிக்கொண்டனர். "தாத்தா தமிழ் பேசுவார், எனக்குப் புரியும், படிக்கத் தெரியாது" என்றார் ஒருவர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? நமக்கு இந்நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவர்கள் நாட்டில் அப்படி அரசாங்கத் தமிழ்ப்பள்ளிகள் இல்லை. பினாங்குத் துறைமுகத்தில் அண்ணன் ஒரு படகிலும் தம்பி ஒரு படகிலும் ஏறினார்கள். அந்த ஒரு நாள் முடிவால் ஒரு கிளைக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. மறு கிளைக்குக் கிடைக்கவில்லை.

அம்மா கற்பூரம் ஏற்றி, பெயர் தெரியாத அந்தப் பெரியவருக்காகக் கும்பிட்டார். அவர் டெலியில்தான் மாண்டார் என்பதற்கு எங்களிடம் சான்று இல்லை. பாட்டி அழுது சொன்ன ஒரு சொல்தான் இருக்கிறது. அந்தச் சொல்லையும் நாங்கள் கேலி செய்து தொலைத்துவிட இருந்தோம்.

நேயர்களே, தெப்ராவை எடுத்துக்கொள்வோம். 1844இல் தான் கீ சூன் என்ற சீனத் தலைவர் தெப்ராவ் ஆற்றங்கரையில் குடியேற்றம் அமைத்தார். கம்பீரும் மிளகும் விளைந்த மண் இது. அதன்பின் ரப்பர் வந்தது. ரப்பரோடு நாம் வந்தோம். இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு வரும் முறை 1910இல் நின்றது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் அதையும் நிறுத்தியது. இன்று அந்த ரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் அடுக்கு வீடுகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. லயம் போயிற்று, ஆயாக் கொட்டகை போயிற்று, பெரட்டுக் களம் போயிற்று. தோட்டம் இருந்தவரை, "இன்னார் வீட்டுப் பிள்ளை" என்று சொல்லப் பத்துப் பேர் இருந்தார்கள். அடுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? தோட்டம் கலைந்தபோது நம் தாரொம்போவும் கலைந்துபோயிற்று.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் வெளியூர் போக முடிந்தவர்கள் போய் வாருங்கள். முடியாதவர்கள் வருந்த வேண்டாம். செலவில்லாத பயணம் ஒன்று உண்டு. பிள்ளையிடம் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். வீட்டிலுள்ள மூத்தவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாட்டன் பெயர், பாட்டி பெயர், அவர்களைப் பெற்றவர் பெயர், ஊர், வந்த கப்பல், இறங்கிய துறைமுகம், வேலை செய்த தோட்டங்கள், செத்தவர்களைப் புதைத்த இடம் என்று சொன்னதைச் சொன்னபடி எழுதச் சொல்லுங்கள். ஏதேனும் ஒரு சொல் விளங்காவிட்டால் அதைத் திருத்தாதீர்கள். டில்லி என்று சொன்னால் டில்லி என்றே எழுதட்டும். ஒரு நாள் யாராவது பொருள் கண்டுபிடிப்பார்கள். தமிழில் எழுதட்டும். அப்போதுதான் பெயரோடு மொழியும் சேர்ந்து பிழைக்கும்.

எங்கள் மகள் தொடங்கிவிட்டாள். முதல் பக்கத்தில் பாட்டியின் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறது. அதற்கு மேலே, அவருடைய அண்ணனுக்கு ஒரு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறாள். பெயர் இல்லை. பக்கத்தில், "டெலிக்குப் போனவர்" என்று எழுதியிருக்கிறாள்.